பழைய ஜீப்பின் கியர் ஏன் மாட்டிக்கொள்கிறது?

"அப்பாவோட பழைய சிஜே 3பி ஜீப் ரொம்ப நாளா நின்ன இடத்துலயே இருக்கு. கியர் ராடு ரிவர்ஸ்ல மாட்டி அசையவே மாட்டேங்குது. கியர்பாக்ஸையே இறக்கணும்னு மெக்கானிக் சொல்றார், இறக்கத்தான் வேணுமா?" என்று திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் வேண்டாம். முதலில் கியர்பாக்ஸின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

மகிந்திரா உரிமம் வாங்கி இங்கே தயாரித்த வில்லிஸ் ஜீப் இது. உள்ளே இருப்பது டி-90 என்கிற, மூன்று கியர் கொண்ட பெட்டி. முதல் கியரில் எஞ்சின் சுமார் 2.8 சுற்று சுற்றினால் வெளித்தண்டு (பெட்டியிலிருந்து சக்கரங்கள் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோவது) ஒரு சுற்று, இரண்டாவதில் 1.55, மூன்றாவதில் ஒன்றுக்கு ஒன்று. பல்சக்கரக் கணக்கு பள்ளியில் படித்ததுதான், விடுங்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் அந்த மூடிக்குள் இருக்கிறது. இரண்டு எஃகுத் தண்டுகள் அருகருகே. ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். தண்டில் மாட்டிய, கவை போன்ற ஃபோர்க்கின் பள்ளத்தில் ராடின் அடிமுனை உட்கார்ந்து தள்ள, ஃபோர்க் போய் கியரை நகர்த்தும். கியர் விழும்போது கைக்குத் தெரிகிற அந்த 'டக்', ஸ்பிரிங் அழுத்துகிற பால்ரஸ் குண்டு தண்டின் குழியில் இறங்குவதுதான்.

இரண்டு தண்டும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்? வெளித்தண்டு ஒரே சமயத்தில் இரண்டு வேகத்தில் சுற்ற வேண்டும். அது நடக்காது, பெட்டி இறுகிவிடும், வண்டி ஓட்டத்தில் இருந்தால் பல் உடையும். இதைத் தடுக்கத் தண்டுகளுக்குக் குறுக்கே ஒரு குட்டி உருளை வைத்திருக்கிறார்கள். அதன் நீளம், தண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஒரே ஒரு குழியின் ஆழமும் சேர்ந்தது. நியூட்ரலில் இரண்டு தண்டின் பக்கக் குழிகளும் எதிரெதிரே நிற்பதால் உருளைக்குக் கொஞ்சம் ஆட இடம் இருக்கும். ஒரு தண்டு நகர்ந்ததும் அதன் குழி விலகி, முழுப் பருமனும் வந்து உருளையை எதிர்த் தண்டின் குழிக்குள் தள்ளிவிடும். அந்தத் தண்டு இனி அசையாது. முதல் தண்டு நியூட்ரலுக்குத் திரும்பினால்தான் அதற்கு விடுதலை. சென்சார் கிடையாது, மின்சாரம் கிடையாது, வெறும் அளவு. இதை யோசித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இப்போது வாசகர் வண்டிக்கு வருவோம். பல வருஷம் ஓடியதில் ராடின் முனையும் மேலே அது உட்காரும் கிண்ணமும் தேய்ந்துபோகும். ரிவர்ஸ் போட்டதும் முனை பள்ளத்திலிருந்து நழுவி, பூட்டிக் கிடக்கும் மற்ற ஃபோர்க்கில் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் பூட்டைத்தான் இழுக்கிறீர்கள், ராடு வளையும். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ராடைக் கழற்றி, நீண்ட ஸ்குரூ டிரைவரால் ரிவர்ஸ் ஃபோர்க்கை நியூட்ரலுக்கு நெம்பினால் 'டக்' என்று வந்துவிடும். தேய்ந்த முனையை வெல்டிங்கில் ஏற்றி அரத்தால் ராவிக்கொள்ளலாம், இல்லையென்றால் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம். நெம்பியும் வரவில்லையா, கடற்காற்றில் தண்டு துருப்பிடித்திருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். தண்டை உருவ வேண்டி வந்தால் அந்தக் குட்டி உருளை கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மூடியைப் பூட்டினால் இரண்டு கியர் சேர்ந்து விழும்.

வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்ததாகவும் வாசகர் எழுதியிருக்கிறார். திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, நடுரோட்டில் கிடக்கும் பூசணிச் சதையில் பைக்குகள் வழுக்குவதைச் சென்னையில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பார்க்கிறோம். அந்தக் காசுக்குக் கொஞ்சம் கியர் ஆயில் வாங்கலாம். இருக்கிற ஆயில் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, முழுக்க வடித்துவிடுங்கள். புதிதாக ஊற்றும்போது ஜிஎல்-4 என்கிற தர வகையைக் கேட்டு வாங்குங்கள், ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மானம் இந்தப் பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.