சங்கிலியைச் சுண்டி இழுக்காதீர்கள்

மதியம் ஒன்றரை மணிக்கு மழை விட்டது. இரண்டு மணிக்கு லாரி மாட்டிக்கொண்டது. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் நான் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலையில் இருந்த ஒரு கட்டுமானத் தளம். கம்பிக்கட்டு ஏற்றி வந்த லாரி, இரும்புத் தகடு விரித்த பாதையைவிட்டு ஒரு முழம் விலகியதுதான் தாமதம், பின்சக்கரங்கள் அச்சு வரை செம்மண் சேற்றில் இறங்கிவிட்டன. ஐந்து நிமிடத்தில் ஒரு தம்பி தோளில் சங்கிலியோடு வந்துவிட்டார். இன்னொரு லாரி முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, கொஞ்சம் லூஸ் விட்டு ஒரு இழு இழுத்தா வந்துரும்ணே."

நிறுத்தச் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஊரில் டிராக்டர் மாட்டியபோது அப்படித்தான் இழுத்து வெளியே எடுத்தார்களாம். எதைக் கட்டி இழுத்தார்கள் என்று கேட்டேன். நைலான் கயிறு என்றார். அங்கேதான் வித்தியாசம். கயிற்றுக்குப் பொருந்துவது சங்கிலிக்குப் பொருந்தாது. சேற்றில் நின்றுகொண்டு அன்று என்னால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சேறு ஏன் பிடியை விடுவதில்லை? சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெய்யும் நாட்கள் ஏறக்குறைய 170. புக்கிட் தீமா பக்கம் கருங்கல் காலங்காலமாக மக்கி உண்டான மண். காலாங், மரினா பக்கம் தோண்டினால் சாம்பல் நிறத்தில் கடற்களிமண். எங்கே போனாலும் களிமண்ணிடமிருந்து தப்ப முடியாது. களிமண் துகளின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு நுண்ணிய துகள்களுக்கு இடையே தண்ணீர் மிக மெதுவாகத்தான் நகரும். புதைந்த சக்கரத்தைத் தூக்கினால் அதன் அடியில் ஓர் இடைவெளி உண்டாக வேண்டும். அதை நிரப்பக் காற்றாவது தண்ணீராவது உள்ளே வர வேண்டும். இரண்டும் வேகமாக வர வழியில்லை. அதனால் அடியில் அழுத்தம் குறைகிறது. மேலிருந்து வளிமண்டலம் அமுக்குகிறது. வளிமண்டல அழுத்தம் முழுமையாகச் செயல்பட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன். சேற்றில் அதன் ஒரு பகுதிதான் செயல்படும் என்றாலும் அதுவே போதும். சேற்றில் கால் வைத்துவிட்டு எடுக்கும்போது பூட்ஸ் அங்கேயே தங்கி, கால் மட்டும் வெளியே வருகிறதே, அதே கதைதான்.

படைத்துறை மீட்புப் பணியில் ஒரு கைக்கணக்கு உண்டு. சக்கரத்தின் நடுப்பகுதி வரை புதைந்த வண்டியை இழுக்க ஏறக்குறைய அதன் மொத்த எடை அளவு விசை தேவை. மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. சரக்கோடு 5 டன் இருக்கும் லாரி என்றால் 5 டன், பிறகு 10 டன். எடை என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்தது. ஆகவே சரக்கை இறக்குவதே பாதி மீட்பு. மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டினால் காற்று உள்ளே புகும்; உறிஞ்சல் தளரும். நம் ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நின்றுபோன தேரை வடத்தால் மட்டும் நகர்த்த மாட்டார்கள். பின்னால் நெம்புகட்டை போட்டு நெம்பி, சக்கரம் அசைந்த பிறகுதான் வடம் இழுபடும்.

இனி அந்தத் தம்பி சொன்ன 'ஒரு இழு'வுக்கு வருவோம். இழுக்கும் லாரி 3 டன் என்று வையுங்கள். கொஞ்சம் தளர்வு விட்டு, மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் எடுக்கிறது. அது வேகமே இல்லை, விரைந்து நடப்பவரின் வேகம். அப்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் ஏறக்குறைய 6,000 ஜூல். தளர்வு முடிந்து விறைத்த நொடியில் அந்த ஆற்றலை இணைப்புதான் வாங்கிக்கொள்ள வேண்டும். எப்படி வாங்கும்? நீண்டுதான்.

9 மீட்டர் நீளமுள்ள 10 மில்லிமீட்டர் இரும்புச் சங்கிலி 5 டன் விசைக்குச் சுமார் 5 சென்டிமீட்டர்தான் நீளும். அதே நீளமுள்ள, மீட்புக்கென்றே செய்த நைலான் கயிறு அதே விசைக்கு 1.8 மீட்டர் வரை நீளும். இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த 6,000 ஜூலை வாங்கும்போது நைலானில் எழும் உச்ச விசை 2 டன்னைக்கூட எட்டுவதில்லை. சங்கிலியிலோ 11 டன். அதே லாரி, அதே வேகம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நேரம். நைலான் முழுதாக நீள அரை நொடி ஆகிறது. சங்கிலியில் எல்லாம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. களிமண் விட்டுக்கொடுக்க நேரம் வேண்டும். காற்று உள்ளே போக நேரம் வேண்டும். சங்கிலி அந்த நேரத்தைத் தருவதில்லை. அதனால் லாரி அசைவதற்கு முன் சங்கிலியோ கொக்கியோ அறுகிறது.

11 டன் என்பது எவ்வளவு ஆபத்து என்று சங்கிலியே சொல்லும். தூக்கும் பணிக்கான நல்ல சங்கிலியில் சில வளையங்களுக்கு ஒருமுறை 8 அல்லது 80 என்று பொறித்திருக்கும். அதன் பொருள், ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்பு 800 நியூட்டனில் அறும் என்பது. 10 மில்லிமீட்டர் வளையத்தின் இரு பக்கக் குறுக்குப் பரப்பையும் சேர்த்தால் 157 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 1,25,600 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 12.8 டன். பாதுகாப்பாகச் சுமக்கலாம் என்று அனுமதிக்கும் எடை அதில் கால்வாசி, 3.15 டன். ஆக, விரைந்து நடக்கும் வேகத்தில் ஒரு சுண்டு சுண்டினாலே அனுமதித்த எடையின் மூன்றரை மடங்கு வந்துவிடுகிறது. ஒரு வளையம் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, கொக்கியின் நுனியில் மட்டும் பாரம் விழுந்தாலோ மிச்சம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் நைலான் நல்லது, சங்கிலி கெட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நைலானின் ஆபத்து வேறு மாதிரி. 5 டன்னில் 1.8 மீட்டர் நீண்டு நிற்கும் கயிற்றுக்குள் 45,000 ஜூல் ஆற்றல் தேங்கி நிற்கிறது. 3 டன் லாரி மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடும்போது உள்ள ஆற்றல் அது. கயிறு அறுந்தால், அதைவிட மோசமாக அது கட்டியிருக்கும் இடம் பிய்ந்தால், அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வரும். பத்தில் ஒரு பங்கு மட்டும் கயிற்றைப் பிணைக்கும் ஒரு கிலோ எடையுள்ள இரும்பு வளையத்துக்கு (ஷேக்கிள்) போனால்கூட அது மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கண்ணாடியைத் துளைத்து ஓட்டுநர் இருக்கைக்கு வந்துவிடும். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிற்றைக் கட்டி இழுத்து, அது ஒடிந்து பறந்ததில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அது டிரெய்லரின் பாரத்தைத் தாங்கச் செய்தது. சுண்டி இழுக்கும் அதிர்ச்சிக்கு அல்ல. பம்பரும் அப்படியே. சட்டகத்தோடு பிணைத்த இழுவைக் கொக்கி எங்கே என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும். கயிற்றில் முடிச்சுப் போடவே கூடாது. முடிச்சு ஏறக்குறைய பாதி வலுவைத் தின்றுவிடும்.

நைலான் இப்படி நீளக் காரணம் அதன் மூலக்கூறுகள். நீண்ட இழைகளாகச் சுருண்டு கிடப்பவை, இழுக்கும்போது விரிகின்றன, விட்டதும் சுருங்குகின்றன. ஒவ்வொரு முறையும் வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. அடுத்தடுத்து இழுத்தால் கயிறு சூடேறுவது அதனால்தான். அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். நைலான் தண்ணீரையும் குடிக்கும். நனைந்தால் 10 முதல் 15 விழுக்காடு வலுவை இழக்கும். சிங்கப்பூர் மழையில் இதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

சங்கிலியைப் பயன்படுத்தலாமா என்றால், பயன்படுத்தலாம். தளர்வே இல்லாமல் விறைப்பாக்கிவிட்டு, அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். வண்டி எந்தத் தடத்தில் உள்ளே போனதோ அதே தடத்தில், நேர்க்கோட்டில் இழுப்பது நல்லது. ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கிளைகளாக, அதாவது இரண்டு கால் சங்கிலியாக, விரித்துக் கட்டுபவர்கள் கோணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் இடையே 60 பாகை இருந்தால் ஒவ்வொரு காலும் பாரத்தில் 58 விழுக்காடு சுமக்கும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு காலும் முழுப் பாரத்தையும் சுமக்கும். இரண்டு கால் போட்டதன் பயனே போய்விடும். நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்தினால் அறும்போது எகிறுவது குறையும், ஆனால் அதை நம்பி யாரும் அருகில் நிற்கக் கூடாது. கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது. விறைத்த கயிற்றை யாரும் தாண்டக் கூடாது. மற்றவற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இந்த இரண்டில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இதெல்லாம் தளத்துக்குள் மட்டும். விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால் நண்பரை அழைத்துக் கயிறு கட்ட வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள கார்நிறுத்தம் வரை இலவசமாகவே இழுத்துச் சென்று விடும்.

அன்று தம்பி கொண்டுவந்த சங்கிலி பாரம் தூக்கும் பெட்டியிலிருந்து எடுத்தது. தூக்கும் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். அப்படிச் சான்று பெற்ற சங்கிலியைச் சேற்றில் சுண்டி இழுத்துவிட்டு மறுநாள் ஆட்களின் தலைக்கு மேல் பாரம் தூக்கினால், நீண்டுபோன வளையம் யார் கண்ணுக்கும் தெரியாது. அதைத் திருப்பி வைக்கச் சொன்னேன். கிரேனால் கம்பிக்கட்டுகளை இறக்கினோம். நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சக்கரங்களுக்கு முன்னால் சரிவாகத் தோண்டி இரும்புத் தகட்டைச் செருகினோம். பிறகு ஸ்டோரில் இருந்த நைலான் கயிற்றைக் கட்டி மெதுவாக நகரச் சொன்னேன். மாட்டிய லாரியும் முதல் கியரில் தானாக உந்தியது. ஐம்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. கயிறு ஒரு முழம்கூட நீளவில்லை. சூடாகும் என்றேனே என்று தம்பி அதைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக, குளிர்ந்துதான் இருந்தது.