வாடிய மான்ஸ்டெராவுக்கு இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள்

பெரிய இலைகளில் ஓட்டை விழும் அலங்காரச் செடியான மான்ஸ்டெரா ஒன்றை இந்த வாரமும் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆள் உயரச் செடி, பாதி இலைகள் மஞ்சள். "ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் வாடுகிறதே" என்றார் வளர்த்தவர். தொட்டியைக் கவிழ்த்தேன். சேறு, அழுகல் வாடை. வேர் ஒன்றை இரு விரலால் பிடித்து உருவினேன். பழுப்பேறிய மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நூலிழை மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும்.

மழைக்காட்டுச் செடி என்றால் தண்ணீரிலேயே நிற்க வேண்டும் என்று யார்தான் சொல்லித் தருகிறார்களோ! தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையிலான காடுகளில் இது மரமேறும் கொடி. தண்டில் விடும் வேர்களால் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. எவ்வளவு மழை கொட்டினாலும் பட்டையில் தண்ணீர் தேங்குவதில்லை. வழிந்துவிடுகிறது, வேருக்குக் காற்று கிடைக்கிறது. அதே செடியைத் துளையில்லாத அழகுத் தொட்டியில், இறுகிய மண்ணில் நட்டுத் தினமும் நனைத்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தில் நின்றபடியே இலை தொங்குகிறது. தாகத்தால் தொங்கும் இலையும் இப்படித்தான் இருக்கும். இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

விரலின் இரண்டு கணு ஆழம்வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்; அடித்துளை வழியே வடியுமளவு ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். கிழமை வைத்து ஊற்றும் வழக்கத்தை இன்றே விடுங்கள். மண் கலவையில் மரப்பட்டைத் துண்டுகளும் பெர்லைட்டும் (மண்ணை இறுகவிடாத, எடையற்ற வெள்ளைத் துகள்கள்) தாராளமாக இருக்கட்டும். வேருக்குப் பொருந்தாத பெரிய தொட்டி வேண்டவே வேண்டாம், அந்த மண் காயவே காயாது. இடம், நேர்வெயில் படாத வெளிச்சமான ஜன்னலோரம். இளஞ்செடியின் இலையில் ஓட்டை விழவில்லையே என்று உரம் கொட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு வயதும் வெளிச்சமும் பற்றி ஏற ஒரு கம்பமும்தான் தேவை.

வெட்டும்போது கையுறை அணியுங்கள். சேம்புக் குடும்பச் செடிகள் பலவற்றைப் போல இதிலும் ஊசி வடிவ கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. குழந்தையோ வளர்ப்பு நாயோ இலையைக் கடித்தால் வாய் எரியும், வீங்கும். வாயைக் கழுவிவிடுங்கள், வீக்கம் கூடினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வேர் அழுகிவிட்டது என்று செடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அழுகியதைச் சுத்தமான கத்தியால் நறுக்கிவிட்டு, புதிய கலவையில் சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள்; புது இலை வரும்வரை உரம் கூடாது. வேரே மிஞ்சவில்லையென்றால், கணுவோடு தண்டை வெட்டித் தண்ணீரில் வையுங்கள். கணு இல்லாத வெறும் இலையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அதிலிருந்து செடி வராது.