கருக்கரிவாளுக்குப் புதுப் பிடி: மரத்துக்குள் இரும்பு நிற்கும் கணக்கு

பிடி ஆடினால் வாய்க்காலில் ஊறப்போடு. காவிரி டெல்டா முழுக்கச் சொல்லப்படும் யோசனை இது. மம்பட்டிக்கு அது அரை நாள் உதவும். பல் வைத்த கதிரறுக்கும் அரிவாளான கருக்கரிவாளுக்கு அதே யோசனைதான் எமன்.

மம்பட்டியில் மரம் இரும்புக்குள் இருக்கிறது. ஊறினால் மரம் உப்பும், இரும்புக்கண்ணின் சுவர் விடாது, பிடி இறுகும். அரிவாளிலோ இரும்பு மரத்துக்குள் இருக்கிறது. மரம் உப்பும்போது அதன் நடுவில் உள்ள துளையும் சேர்ந்தே பெரிதாகும். இரும்பு நுழையும் பிடியின் வாயைச் சுற்றி மாட்டும் உலோக வளையமான பூண் போட்ட இடத்தில் மட்டும் வெளியே போக வழியில்லாமல் மரநார்கள் நசுங்குகின்றன. காய்ந்த பிறகு நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது. ஐப்பசியில் ஊறப்போட்ட அரிவாளின் பூண் பங்குனியில் விரலோடு கழன்று வருவது இதனால்தான். இன்னொரு பக்கம், காயும் மரம் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் இரும்பு சுருங்குவதில்லை. பிடியின் வாயிலிருந்து கீறல் ஓடுகிறது.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் அறுப்பு மெஷினுக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. ஆனாலும் மழையில் பயிர் சாய்ந்து, மெஷின் இறங்க முடியாத சேற்று வயலில் கையறுப்புதான். ஈரத்தாளை அறுக்க இழுவை அதிகம் வேண்டும். ஆடும் பிடி கையைக் கொப்பளிக்க வைக்கும் வேலை அப்போதுதான் தொடங்கும்.

பிடிக்குள் போகும் இரும்பை வால் என்று வைத்துக்கொள்வோம். வாலின் நீளம் 10 செ.மீ., தாள் சிக்கும் இடம் பிடியின் வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி. அங்கே 5 கிலோ இழுவை விழுந்தால், நெம்புகோல் கணக்குப்படி வாலின் நுனியைத் தாங்குபுள்ளியாக வைத்துப் பாருங்கள்: பிடியின் வாயில் 15 கிலோ அழுத்தம் விழும், வால்நுனியில் எதிர்ப்பக்கமாக 10 கிலோ. வாலைப் பாதியாக 5 செ.மீ. என்று குறைத்தால் வாயில் 25 கிலோ, நுனியில் 20. அதனால் முறிந்த வாலை ராவிக் கூராக்கி மறுபடி சொருகுவது கணக்குக்கு ஒத்துவராது. பட்டறையில் கொடுத்து நீட்டிக்கொள்வதுதான் நல்லது.

பழைய பிடியை நெருப்பில் போட்டு எரித்து எடுக்கவே கூடாது. சூடு வால் வழியே அலகுக்கு ஏறும். எஃகின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, பிறகு நீலம். நீலம் தெரிந்தால் அங்கே வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, பதம், அதாவது எஃகின் கடினம், இறங்கிவிட்டது. கருக்குப் பற்கள் ஒரே அறுப்பில் மழுங்கும். பிடியை நார் ஓடும் வாக்கில் உளி வைத்துப் பிளந்தால் இரண்டாக விழுந்துவிடும். வாலில் ஒட்டியிருக்கும் துருவை முழுக்கச் சுரண்டுங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். வியர்வை உப்பு பட்டு உள்ளேயே வளர்ந்தால் அதுவும் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும்.

மரத்துக்கு வருவோம். கருவேலத்தின் வைரம், அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரம், நல்ல தேர்வு. ஊரெல்லாம் வெறுக்கும் சீமைக்கருவேலமும் பிடிக்கு அருமையான மரம், காய்ந்தால் மிகக் குறைவாகவே சுருங்கும். உருண்டைக் கிளையை அப்படியே பிடியாக்காதீர்கள். மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மையம் உள்ளே இருக்கும் கிளை இந்த வித்தியாசத்தைத் தாங்காமல் வெடித்தே தீரும். பெரிய கட்டையைப் பிளந்து, மையம் இல்லாத துண்டாக, 4 செ.மீ. சதுரத்தில் எடுங்கள். இரு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசிப் பரணில் போடுங்கள். முனை வழியேதான் ஈரம் வேகமாக ஓடும், அங்கேதான் முதல் வெடிப்பு வரும். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்து, இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் தயார். மூன்று நான்கு மாதம் ஆகலாம். ஈரமரத்தில் போட்ட பிடியை எந்தப் பசையும் காப்பாற்றாது.

வால் வாயில் 8 மி.மீ., நுனியில் 4 மி.மீ. கொண்ட சதுரம் என்றால், 4 மி.மீ. பிட்டால் 10 செ.மீ. ஆழம், 6 மி.மீ. பிட்டால் 4.5 செ.மீ., 7 மி.மீ. பிட்டால் 2 செ.மீ. துளையிடுங்கள். சதுர வாலின் நான்கு மூலைகளும் வட்டத் துளையின் சுவரைக் கடித்து உட்காரும். பிடி கைக்குள் சுழலாமல் இருப்பது அந்த மூலைகளால்தான். மூலைக்கு இடம் செய்ய வாலைச் சுடவைத்து இறக்குவார்கள். அலகை ஈரச்சாக்கால் சுற்றிக்கொண்டு, வால் மங்கிய சிவப்புக்கு வந்ததும் நான்கைந்து நொடி மட்டும் அழுத்தி உருவிவிட வேண்டும். அதிக நேரம் விட்டால் துளைச் சுவரெல்லாம் கரியாகும். கரி நொறுங்கினால் மறுபடி ஆட்டம். கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, குளிர்ந்த வால் கடைசி 1 செ.மீ. வெளியே நிற்கும் அளவுக்குத் துளை இருந்தால் போதும்.

வால் இறக்கும் முன் பூண். மரம் நார் ஓடும் வாக்கில் மிக எளிதாகப் பிளக்கும், அந்தப் பிளவை வளையத்தின் இழுவிசை பிடித்து நிறுத்துகிறது. உலக்கைப் பூணுக்கும் இதே வேலைதான். 22 மி.மீ. உள்விட்டம், 2 செ.மீ. நீளமுள்ள பித்தளைக் குழாய்த் துண்டு போதும். சுடவைத்து மாட்டலாமே என்று தோன்றும். 200 டிகிரி ஏற்றினாலும் அந்த வளையம் விரிவது 0.08 மி.மீ. அளவுதான், மரம்தான் கருகும். மரத்தைக் கைப்பக்கம் சற்றே பருக்க ராவி, குளிர்ந்த பூணையே தட்டி ஏற்றுங்கள். கைப்பக்கம் பூணுக்கு அப்பால் அரை செ.மீ. இடம் விடுங்கள்.

துளையில் செங்கல் பொடி கலந்த அரக்கை உருக்கி ஊற்றலாம், அரால்டைட் பசையும் ஆகும். பொடி சேர்த்தால் குளிரும்போது அரக்கு குறைவாகச் சுருங்கும். ஆனால் சூட்டில் அரக்கு இளகும், அரிவாளைச் சித்திரை வெயிலில் வரப்பில் போடக்கூடாது. பிறகு அலகைச் சாக்கோடு மேல்நோக்கிப் பிடித்து, பிடியின் அடியைக் கட்டைமேல் குத்துங்கள். பிடி நின்றுவிடும், அலகு தன் வேகத்திலேயே இறங்கி வாலை உள்ளே தள்ளும். மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் அலகை அடிப்பதைவிட இது நேராக உட்காரும்.

கைப்பிடிப்புக்கு 13 செ.மீ. நீளம், 32க்கு 27 மி.மீ. என்ற முட்டை வடிவம். உருண்டையாக விட்டால் அலகு எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்தே திருப்ப வேண்டியிருக்கும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்க வேண்டாம், ஈரக்கையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக மூன்று முறை. அது காற்றில் இறுகிப் படலமாகும். தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும்.

அடுத்த பங்குனியில் பூணைத் திருகிப் பாருங்கள். சுற்றினால் வாய்க்கால் பக்கம் போக வேண்டாம். அலகுப் பக்கத்திலிருந்து மழுங்கிய ஆணி வைத்து, சுற்றிலும் மாறி மாறித் தட்டினால், முன்பு விட்டுவைத்த அந்த அரை செ.மீ. இடத்துக்குள் பூண் ஏறி மறுபடி இறுகும்.