மீன்தொட்டியில் நீலப்பச்சைப் படலமா? மாத்திரை வாங்க ஓடாதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றுவட்டாரத்தில் செடி வளர்க்கும் மீன்தொட்டிகளை அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். கோடை வந்தால் போதும், ஒரே புகாராக வரும். "மணல் மேல பச்சையா ஏடு மாதிரி படியுதுங்க. எடுத்துப் போட்டா ரெண்டே நாள்ல திரும்ப வந்துடுது."

அது நீலப்பச்சைப் பாசி. உண்மையில் அது ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும் சயனோபாக்டீரியா. அடையாளம் காண்பது எளிது. தொட்டால் வழவழவென்று இருக்கும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் உரிவதுபோல் உரியும், கையை முகர்ந்தால் மக்கிய மண்வாடை அடிக்கும். நத்தையும் பாசி தின்னும் மீனும் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இதற்காக அவற்றை வாங்கி விடுவது வீண் செலவு.

பாக்டீரியா என்று தெரிந்ததும் சிலர் நேராக மெடிக்கலுக்குப் போய் எரித்ரோமைசின் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். படலம் மறையும் என்பது உண்மைதான். ஆனால் ஃபில்டரில் குடியிருந்து, மீன்கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடலாம். அமோனியா ஏறி, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதைப் பார்த்த பிறகு எனக்கு அழைப்பு வந்த வீடுகள் உண்டு. இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் சாக்கடைக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகிறது. மருந்துக்குச் சாகாத கிருமிகள் இப்படித்தான் பெருகுகின்றன. இது மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. தொட்டிக்காக இதை வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாத்திரை போட்டாலும் காரணம் அப்படியே இருப்பதால் படலம் மறுபடி வரும். நீரோட்டம் எட்டாத மூலை, மணலில் தங்கிய மீன்கழிவும் மிச்சத் தீனியும், ஜன்னல் வெயில் நேராக அடிக்கும் கண்ணாடி, இவைதான் வழக்கமான காரணங்கள். முன்கண்ணாடியை ஒட்டி மணலுக்குள் ஒரு பச்சைக் கோடு தெரிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. அங்கே வெளிச்சம் படாதபடி வெளிப்பக்கம் மணல் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

பலர் நம்ப மறுக்கும் காரணம், செடிக்கு உணவாகும் நைட்ரேட் குறைவது. நம் ஊர் போர் தண்ணீர் கடினம் என்று முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதில் நைட்ரேட் ஏறக்குறைய கிடையாது. தீனியிலிருந்து பாஸ்பேட் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். செடி பட்டினியில் வளர்ச்சி நின்றுபோக, அந்த இடத்தை இந்தப் படலம் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை இருக்கட்டும். குறைந்தால், மா பூப்பதற்கு நம் விவசாயிகள் தெளிக்கும் அதே பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45) போதும். 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் சுமார் 6 பிபிஎம் ஏறும். உரக்கடையில் 19-19-19 கொடுத்தால் வாங்காதீர்கள், அதில் பாஸ்பேட்டும் இருக்கிறது. யூரியா கூடவே கூடாது, அமோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும். வயலை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரேட் இருக்கலாம், அதனால் அளக்காமல் எதையும் போடாதீர்கள்.

இப்போது வந்திருக்கும் படலத்துக்கு நான் செய்வது இருட்டடிப்பு. முதலில் குழாய் வைத்துப் படலத்தை உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். பிறகு லைட்டையும், செடிக்காக விடும் கார்பன் டை ஆக்சைடையும் நிறுத்தி, கெட்டிப் போர்வையால் நாலு பக்கமும் மூடி மூன்று, நான்கு நாள் விட வேண்டும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. வளர்ந்த மீன்கள் அதுவரை தீனியில்லாமல் தாங்கும். ஏர் பம்ப் மட்டும் இரவும் பகலும் ஓடியே ஆக வேண்டும், ஏனென்றால் செத்த படலம் அழுகும்போது ஆக்சிஜன் வேகமாகக் குறையும். கரன்ட் போகும் ஊர்களில் பேட்டரி பம்ப் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். நன்றாக வேர் பிடித்த செடிகள் பிழைத்துக்கொள்ளும், நலிந்தவை இலை கொட்டலாம்.

போர்வையை எடுத்ததும் செத்ததை உறிஞ்சிவிட்டு மறுபடி பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஒகேனக்கல் குடிநீர் ஊற்றுபவர்கள் குளோரினை நீக்கும் மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். லைட் சில வாரங்களுக்குத் தினம் 6 மணி நேரம் போதும். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாயைப் படலம் முதலில் வந்த மூலைப் பக்கம் திருப்பி வையுங்கள்.

உறிஞ்சி எடுத்த தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றலாம். மீன்தொட்டிச் செடியையோ மீனையோ ஏரியில் மட்டும் விடாதீர்கள்.