நெல் குடலைக்கு வர எலி சினைப்படும்

மாரி தொடங்கினால் எலிக்காய்ச்சலும் தொடங்கும் என்றுதான் வன்னியில் பலரும் நினைக்கிறார்கள். மழைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வைத்தியசாலை விடுதியில் நிற்கும் எனக்கு, எப்போது மழை பெய்தது என்பதைவிட எப்போது விதைத்தார்கள் என்பதே கூடுதலாகத் துப்புத் தருகிறது.

வயல் எலியும் அகிழானும் வருடம் முழுக்க ஒரே அளவில் பெருகுவதில்லை. நெல் குடலைப் பருவத்தை (கதிர் இன்னும் தாளுக்குள் இருக்கும் பருவம்) நெருங்கும்போதுதான் பெட்டைகள் மும்முரமாகச் சினைப்படும். சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஈன்ற ஓரிரு நாளிலேயே மறுபடி சினைப்பட முடியும். அதனால் அறுவடைக்குள் ஒரே வளையில் இரண்டு மூன்று ஈற்று எழும்பிவிடும். ஒரு குளத்தின் கீழ் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விதைத்தால் பெருக்கமும் அந்தளவோடு அடங்கும். ஒருவர் ஐப்பசியிலும் பக்கத்து வயல்காரர் ஒன்றரை மாதம் பிந்தியும் விதைத்தால், இங்கே தீர்ந்ததும் எலி அங்கே போகும். பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் விதைப்புத் திகதிக்கு நடக்கும் இழுபறியை நான் சுகாதார விஷயமாகவே பார்க்கிறேன்.

வெள்ளம் வந்தால் வளைக்குள் தண்ணீர் ஏறும். எலிகள் வரம்புக்கு, வீதிக்கரைக்கு, பிறகு வீட்டுக்கே இடம்பெயரும். அவற்றின் சலத்தோடு (சிறுநீரோடு) வெளியேறும், எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டொஸ்பைரா கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்து கிடக்கும் (மாடும் எருமையும் நாயும்கூட இதைப் பரப்பும்). காலில் ஒரு சின்னக் கீறலோ விரலிடுக்கு வெடிப்போ அது உடம்புக்குள் புகப் போதும். காய்ச்சல் காட்டப் பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமை ஆகும். அதற்குள் வெள்ளம் வடிந்து, ஆளும் வயலில் நின்றதை மறந்திருப்பார். 2008இல் இலங்கை முழுவதும் 7,000க்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் வந்ததாகப் பதிவாகி, 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்து உயிர்களைப் பறித்த 'மர்மக் காய்ச்சலும்' இதுதான் என்று பரிசோதனையில் தெரிந்தது.

வருபவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "கெண்டைக்கால் உளைவு தாங்கேலாமக் கிடக்கு டொக்டர்." கெண்டையை மெல்ல அமத்தினாலே முகம் சுளிப்பார்கள். கண் சிவந்திருக்கும், பூளை இராது. "சலம் எப்ப ஐயா கடைசியாப் போனது?" என்று கேட்டால் சற்று யோசித்து, "நேற்றுக் காலமை" என்பார். எங்களைப் பயப்படுத்துவது அந்தப் பதில்தான், சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம். முதல் நாட்களில் இரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்றே காட்டக்கூடும். அதற்காகக் காத்திராமல் பெனிசிலின் தொடங்கிவிடுவோம். உளைவுக்கு மருந்துக்கடையில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடாதீர்கள், ஏற்கெனவே அடிபடும் சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும்.

எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் வயலுக்கு வரும். நெல் மூடைகளை அறைக்குள் அடுக்கி, பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் எனக்குக் கட்டுவிரியன் பயம். அது கடித்தது பலருக்குத் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலியோடு எழும்புவார்கள், இமை தூக்க ஏலாது. கடித்த அடையாளம் இல்லையே என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே கொண்டுவாருங்கள். இதற்காகக் கண்ட பாம்பையெல்லாம் அடிப்பது வேறு கதை. சாரைக்கு விஷமில்லை, எலிதான் அதன் சாப்பாடு. சாரையையும் ஆந்தையையும் கொன்றுவிட்டு எலி கூடிவிட்டது என்று முறையிடுபவர்களோடு எனக்குத் தீராத வாக்குவாதம்.

வரம்பை ஒரு அடிக்கு மேல் அகலமாக விடாதீர்கள், வளை தோண்ட இடம் குறையும். குடலைக்கு முன்னரே வளைகளை வெட்டி அழியுங்கள், பிந்தினால் பலன் குறைவு. வயலைச் சுற்றி மின்கம்பி இழுப்பது சட்டவிரோதம், அதில் செத்தவர்கள் மனிதர்களும்தான்.

வயலில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலைத் தடுக்க எடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டு வாங்கலாம். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சிறுபிள்ளைகளும் இதை எடுக்கக்கூடாது, அவர்களுக்கு மாற்று என்னவென்று வைத்தியரிடம் கேளுங்கள்.