ஒரு செல், ஒன்றரை மீட்டர்

கால் பெருவிரலின் நுனியை ஓர் இறகு வருடிச் செல்கிறது. அந்தத் தொடுகையை ஏற்கும் நரம்புச் செல்லின் ஒரு முனை விரலின் தோலுக்கு அடியில் இருக்கிறது. மறுமுனை பிடரிக்கு உள்ளே, மூளைத்தண்டின் அடிப்பகுதியில் இருக்கிறது. இடையில் வேறெந்தச் செல்லும் குறுக்கிடுவதில்லை. உயரமான ஒருவரின் உடலில் இந்தத் தூரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீளமும் ஒரே செல்!

இந்தச் செல்லின் உட்கரு இருக்கும் உடற்பகுதி கீழ்முதுகில் இருக்கிறது. முதுகெலும்புகளின் இடைவெளி வழியே வெளியேறும் நரம்பின் வேரில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. நரம்பு முடிச்சு எனப்படும் அந்தப் புடைப்புக்குள் ஆயிரக்கணக்கான செல் உடல்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றில் பெரியவற்றின் குறுக்களவே 0.1 மில்லிமீட்டர் அளவுதான். அதை ஒரு டென்னிஸ் பந்தின் அளவுக்குப் பெருக்கினால், அதிலிருந்து கால்விரல் வரை போகும் இழை மட்டும் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும்.

மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே வந்து உடலெங்கும் பரவும் நரம்புகளின் தொகுதியே புற நரம்பு மண்டலம். இதன் வேகம், நோய்கள், காயம் ஆறும் விதம் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த நீளம் நிற்கிறது. பாடநூல்கள் எண்ணிக்கைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் முன்னால் வைத்துவிட்டு, நீளத்தை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

எண்ணிக்கையையும் சொல்லிவிடலாம். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் கபால நரம்புகள் 12 இணைகள். தண்டுவடத்திலிருந்து கிளம்புபவை 31 இணைகள்: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகப் பகுதியில் 5, வால் எலும்பருகே 1. கபால நரம்புகளின் வரிசையில் இரண்டாவதாக வரும் பார்வை நரம்பு உண்மையில் மூளையின் நீட்சியே. பழைய வழக்கம் கருதித்தான் அதை இந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

தண்டுவட நரம்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்கள் உண்டு. முதுகுப் பக்க வேர் வழியே உணர்வுகள் உள்ளே வருகின்றன. வயிற்றுப் பக்க வேர் வழியே தசைகளுக்கான கட்டளைகள் வெளியே போகின்றன. 1811-இல் சார்லஸ் பெல் இதன் ஒரு பகுதியைக் கண்டார். 1822-இல் பிரான்சுவா மஜென்டி விலங்குகளின் வேர்களைத் தனித்தனியாக வெட்டிப் பார்த்து முழுமையாக நிறுவினார். வெளியே வந்ததும் இரு வேர்களும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் கையில் ஒரு நரம்பு அறுபட்டால் உணர்ச்சியும் போகிறது, அசைவும் போகிறது. ஒரே கட்டுக்குள் போகும் இழையும் வரும் இழையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இவ்வாறு கட்டப்பட்ட நரம்புகளில் மிகப் பருமனானது, பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும் சயாட்டிக் நரம்பு.

இவ்வளவு நீளமான இழையில் செய்தி எப்படிப் போகிறது? ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் செல்சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன. வெளியில் நிறைந்திருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, அழுத்தம் ஒரு கணம் தலைகீழாகிறது. உடனே அந்த வாயில்கள் அடைபட்டு, பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. இதெல்லாம் சுமார் ஒரு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணநேர மாற்றமே பக்கத்து வாயில்களைத் திறந்துவிடுகிறது. அவை அடுத்தவற்றைத் திறக்கின்றன. பல் மருத்துவர் ஊசி போட்டதும் ஈறு மரத்துப்போவது எதனால்? அந்த மருந்து சோடியம் வாயில்களை அடைத்துவிடுவதால்தான்.

இந்த ஓட்டத்தை அளக்கவே முடியாது என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞர் யோகன்னஸ் முல்லர் நம்பினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளைக் காலின் நரம்பை இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தூண்டி, தசை சுருங்க எடுத்த நேரங்களின் வித்தியாசத்தைக் கணக்கிட்டார். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். எண்ணம் ஒளியைப்போல் பாய்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

நம் உடலின் வேகமான இழைகள் விநாடிக்கு 100 மீட்டரையும் தாண்டுகின்றன. அந்த வேகத்துக்கு விலை கொடுத்தாக வேண்டும். உறையில்லாத இழையில் வேகத்தைக் கூட்ட ஒரே வழி, இழையைப் பருமனாக்குவது. கணவாய் வகை உயிரினங்கள் அந்த வழியில்தான் போயின. அவற்றின் ராட்சத நரம்பிழை அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடித்தது, கண்ணுக்குத் தெரியும். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பு மின்னோட்டத்தின் கணிதத்தை 1952-இல் வகுத்ததும் இந்த இழையை வைத்துத்தான். ஆனால் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 25 மீட்டர்தான். நான்கு மடங்கு வேகம் வேண்டுமென்றால் பருமன் பதினாறு மடங்காக வேண்டும். அதாவது ஒவ்வோர் இழையும் 8 மில்லிமீட்டர். அப்படி ஆயிரக்கணக்கான இழைகளைத் தாங்க எந்தக் காலாலும் முடியாது.

முதுகெலும்புள்ள உயிரினங்களுக்குக் கைகொடுத்தது உறை. ஷ்வான் செல்கள் என்ற துணைச் செல்கள் நரம்பிழையைச் சுற்றிச் சுற்றி, கொழுப்பு மிகுந்த தம் சவ்வையே அடுக்கடுக்காகப் போர்த்துகின்றன. இதுவே மயலின் உறை. ஒரு ஷ்வான் செல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளத்தை மூடும். அடுத்ததற்கும் அதற்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி ஒன்று திறந்திருக்கும். பிரெஞ்சு அறிஞர் ரான்வியரின் பெயர் தாங்கிய இந்தக் கணுக்களில்தான் சோடியம் வாயில்கள் குவிந்திருக்கின்றன. மின்னழுத்த மாற்றம் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவுகிறது. 0.02 மில்லிமீட்டர் பருமனே உள்ள இழை, கணவாயின் ராட்சத இழையை நான்கு மடங்கு வேகத்தில் முந்திவிடுகிறது. கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரை ஓர் இழையை மூட ஏறத்தாழ ஆயிரம் ஷ்வான் செல்கள் வரிசையில் நிற்கின்றன. பின்னால் சொல்லப்போகும் நோய்களிலும் காயங்களிலும் இந்த வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு.

எல்லா இழைகளுக்கும் உறை கிடைப்பதில்லை. கால்விரலை மேசையின் காலில் இடித்துக்கொண்டவர்கள் அனைவரும் இதை அனுபவித்திருப்பார்கள். முதலில் 'இடித்துக்கொண்டோம்' என்பது தெரியும். அதை ஒட்டியே ஊசி குத்துவதுபோல் கூர்மையான வலி. ஒரு விநாடி போல் கழித்துத்தான் எரிச்சலோடு கூடிய, பல்லைக் கடிக்கவைக்கும் அந்த இரண்டாவது வலி வந்து சேரும். தொடுகையைக் கொண்டுவந்தது தடித்த உறையுள்ள இழை. கூர்மையான வலியைக் கொண்டுவந்தது மெல்லிய உறையுள்ளது. கடைசியாக வந்தது உறையே இல்லாத இழையில். அதன் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், நாம் நடக்கும் வேகம். இழைகளை இப்படி வேகத்தால் பிரித்துக் காட்டிய எர்லாங்கருக்கும் காஸருக்கும் 1944-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தானியங்கி நரம்புகளுக்கு அவசரம் குறைவு. இதயம், குடல், வியர்வைச் சுரப்பிகள், ரத்தக் குழாய்கள் ஆகியவற்றை நம் விருப்பத்தைக் கேட்காமல் நடத்துபவை இவை. பரிவு நரம்புகள் உடலை அவசரத்துக்குத் தயார் செய்ய, எதிர்ப்பரிவு நரம்புகள் செரிமானத்துக்கும் ஓய்வுக்கும் திருப்புகின்றன. பின்னதில் பெரியது வேகஸ் நரம்பு. கழுத்து வழியே இறங்கி வயிறுவரை செல்லும் இதைக் கட்டளை நரம்பு என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதன் இழைகளில் பெரும்பாலானவை உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. வேகஸ் நரம்பின் கிளை ஒன்று குரல்வளைக்குப் போக வேண்டியது. இடப்பக்கத்தில் அது நேரே போகாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. மார்புக்குள் வளரும் ஒரு கட்டி, குரல் கம்முவதன் மூலம் முதலில் வெளிப்படுவதற்கு இந்தச் சுற்றுவழியே காரணம். விடாத குரல் கம்மலுக்கு மருத்துவர் மார்பைப் படம் எடுக்கச் சொன்னால் வியக்க வேண்டாம்.

நீளத்தின் இன்னொரு சிக்கல் உணவும் பராமரிப்பும். நரம்பிழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை கீழ்முதுகில் உள்ள செல் உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து இழைக்குள் ஓடும் நுண்குழாய்களின் மேல், கைனெசின் என்ற மோட்டார் புரதங்கள் அவற்றைச் சுமந்து செல்கின்றன. நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 மில்லிமீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க இரண்டரை நாள்! இழையின் சட்டகமாகும் புரதங்களோ நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. அவை விரலை எட்ட ஒரு வருடத்துக்கும் மேலாகலாம். திரும்பும் வழியில் டைனீன் என்ற வேறொரு மோட்டார் புரதம் பழைய பொருள்களைச் செல் உடலுக்குக் கொண்டுவருகிறது.

இந்தத் திரும்பும் வழியைத்தான் வெறிநாய்க்கடியின் வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது. கடித்த இடத்தில் நரம்பு முனைக்குள் நுழைந்து, மூளையை நோக்கி ஏறுகிறது. முகத்தில் பட்ட கடி காலில் பட்ட கடியைவிட விரைவாக ஆபத்தாவது தூரம் குறைவு என்பதாலும்தான். கடிபட்டதும் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் உயிர் தப்புவது, வைரஸ் நரம்பில் ஏறும் முன் உடல் ஆயத்தமாக நேரம் கிடைப்பதால். சின்னம்மை வைரஸ் வேறு வழியில் செயல்படுகிறது. அம்மை இறங்கிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, எதிர்ப்பு சக்தி தளரும்போது ஒரு முடிச்சிலிருந்து தோலை நோக்கி இறங்குகிறது. அதுவே அக்கி. அது உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்பளிப்பது, அந்தப் பட்டை ஒற்றை நரம்பின் எல்லை என்பதால்.

சர்க்கரை நோயில் நரம்பு பாதிப்பு ஏன் கால்விரலில் தொடங்குகிறது என்பதற்கும் நீளத்தில் விடை இருக்கிறது. பராமரிப்பு தளரும்போது முதலில் நலிவது மிக நீண்ட இழைகளின் நுனி. மரத்துப்போன உணர்வு விரல்களிலிருந்து மெல்ல மேலேறும். முழங்காலை நெருங்கும் வேளையில் கைவிரல்களிலும் தொடங்கும், ஏனெனில் அப்போது கைவிரல் இழைகளின் நீளத்துக்கும் முறை வந்துவிடுகிறது. நோய் உள்ளவர்கள் தம் பாதங்களை அன்றாடம் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதை அலட்சியம் செய்யக் கூடாது. வலி எச்சரிக்காத இடத்தில் கண்தான் காவல் காக்க வேண்டும். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்களுக்குள்ளேயே குடியேறுகிறது. குளிர்ந்த பகுதிகளை விரும்பும் அது, தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைத் தேர்ந்து தாக்குகிறது.

அறுபட்ட புற நரம்பு மீண்டும் வளரும். தண்டுவடத்துக்குள் பெரும்பாலும் நடக்காத அதிசயம் இது. வெட்டுக்குக் கீழே உள்ள இழை சிதைந்து போகும் என்பதை அகஸ்டஸ் வாலர் 1850-இல் காட்டினார். ஆனால் ஷ்வான் செல்கள் அங்கே எஞ்சி நிற்கின்றன. சிதைவுகளை அகற்றி, வரிசையாகக் கூடி, மேலிருந்து வளர்ந்து வரும் இழைக்குப் பாதை அமைத்துக் கொடுக்கின்றன. வளர்ச்சி நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வளரும் நுனி இருக்கும் இடத்தைத் தோலின் மேல் தட்டினால், நரம்பு போய்ச் சேரும் பகுதியில் சுரீரென்று கூச்சம் பரவும். மாதந்தோறும் அந்தக் கூச்சம் தோன்றும் இடம் கீழே இறங்குகிறதா என்று பார்த்தே மருத்துவர்கள் முன்னேற்றத்தை அறிகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் கவலை வரும். பிட்டத்தருகே அறுபட்ட நரம்பு பாதத்தை எட்ட ஏறக்குறைய ஆயிரம் நாள் ஆகும். கட்டளை வராத தசையோ அவ்வளவு காலம் தாங்காது. ஒன்று, ஒன்றரை வருடத்துக்குப் பின் நரம்பை ஏற்கும் திறனை அது பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஆகவே அறுவை மருத்துவர்கள் தூரத்தையே குறைக்க முயன்றார்கள். விபத்தில் தோளருகே நரம்பு பிய்ந்து முழங்கையை மடக்க முடியாமல் போனவர்களுக்கு, மேற்கையில் பக்கத்திலேயே ஓடும் அல்னார் நரம்பிலிருந்து சிறு கற்றை ஒன்றைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கும் முறையை கிறிஸ்டோஃப் ஓபர்லின் 1994-இல் வெளியிட்டார். புதிய இழை தசையை அடையக் கடக்க வேண்டியது சில சென்டிமீட்டர்தான். அந்தக் கற்றை முன்பு மணிக்கட்டை மடக்கவும் விரல்களை இறுக்கவும் உதவியது. அதனால் தொடக்கத்தில் நோயாளி முழங்கையை மடக்க விரும்பினால் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பயிற்சியின் போக்கில் மூளை அந்த இழையின் புதிய வேலையைக் கற்றுக்கொள்கிறது. பிறகு கையை இறுக்காமலே முழங்கை மடங்குகிறது.