கொம்பு வைத்தால் மினாங்கபாவ் பெட்டி ஆகிவிடாது

மறுபடியும் ஒரு பெட்டி பழுதுக்கு வந்திருக்கிறது. சதுரப் பித்தளை டப்பா, மூடியின் நான்கு மூலையிலும் ஊசி போல் கொம்பு. 'மினாங்கபாவ் வீடு மாதிரி' என்று விற்றிருக்கிறார்கள். நகை எடுக்கப் போன அம்மாவின் மணிக்கட்டைக் கீறிவிட்டது. மூடியைத் திறந்தால் பெட்டியே பின்பக்கம் கவிழ்கிறது.

மலேசியாவின் சிரம்பானில் உலோக வேலை செய்கிற எனக்கு இந்தக் கொம்புக் கூரை புதிதல்ல. இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவிலிருந்து எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் குடியேறிய மினாங்கபாவ் மக்களோடு வந்தது. ஆனால் இங்கே கூரையின் வளைவு மென்மையானது. முழு வீச்சைப் பார்க்க வேண்டுமென்றால் சுமத்ராவின் 'ரூமா காடாங்' வீட்டைத்தான் பார்க்க வேண்டும். அங்கே கொம்பை யாரும் தனியாக ஒட்டவில்லை. கூரை முகடே நடுவில் தொய்ந்து, முனைகளில் வளைந்தெழுந்து கூராகிறது. அதைத்தான் 'கொன்ஜோங்' என்பார்கள். சுவர்கூடச் செங்குத்தாக இருக்காது, மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும். வீடு தூண்கள் மேல் நிற்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்தால் என்ன வரும்? கொம்பு வைத்த டப்பாதான் வரும். சிலர் தொராஜா வீட்டுப் படத்தை நீட்டி 'இதே போல' என்கிறார்கள். ஐயா, அது சுலாவெசி! வேறு தீவு, வேறு மக்கள்.

என்னைக் கேட்டால், நகைக்கு வீட்டைவிட அதன் முற்றத்தில் நிற்கும் நெற்களஞ்சியம், அதாவது 'ரங்கியாங்', பொருத்தமான மாதிரி. சேமிக்கவென்றே கட்டியது, திறப்பும் கூரையை ஒட்டி உயரத்தில்தான், ஏணி வைத்து ஏற வேண்டும். அன்றாடத் தேவைக்கு ஒன்று, பஞ்ச காலத்துக்கு ஒன்று எனத் தனித்தனிக் களஞ்சியங்கள் உண்டு. தினமும் போடும் தோட்டுக்கும் அம்மா வழி வந்த நகைக்கும் அப்படியே இரண்டு பெட்டி செய்யலாம். பரம்பரைச் சொத்து தாய்வழியில் இறங்கும் சமூகம் அது, பொருத்தம் தற்செயலல்ல.

சரி, செய்கிறவர்களுக்கு. அடி சிறுத்து மேல் அகன்ற பெட்டியில் கூரை முழுவதையும் மூடியாக்கினால் கவிழாமல் என்ன செய்யும்? கூரையை அசையாமல் வைத்து, கீழே இழுப்பறை கொடுங்கள். மூடிதான் வேண்டுமென்றால் கூரைக்கு மெல்லிய தகடு, அடிக்குக் கனத்த தகடு, மூடி மல்லாந்து போகாமல் பிடிக்க ஒரு சிறு சங்கிலி. முனைகளைத் தயவுசெய்து உருட்டிவிடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் இருக்கும் செதுக்கலைத் தகட்டில் அச்சடிப்பதைவிட வெள்ளிக் கம்பி வேலை அழகு. சுமத்ராவின் கோத்தோ காடாங் அதற்குப் பேர்போன ஊர்.

வாங்குகிறவர்கள் உள்ளே தொட்டுப் பாருங்கள். ரப்பர் ஸ்பாஞ்சும் கம்பளித் துணியும் வேண்டவே வேண்டாம். அவற்றிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். துவைத்த பருத்தித் துணி போதும். வெல்வெட் ஒட்டித் தருகிறேன் என்றால் என்ன பசை என்று கேளுங்கள், வாடை போகும்வரை நகையை உள்ளே வைக்காதீர்கள்.